அடித்துவிட்ட 31 பெயர்கள்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. மதராஸ் என்ஜினியர் குரூப்பில் 24 வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வுபெற்று வந்தேன். வந்து ஐந்து வருடம் ஆகிறது, வயது 47. போன மாசியில் எங்கள் ஊர் முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். பதிவேட்டில் 112 பேர். அதில் 31 பேர் இறந்துவிட்டதால் அந்தப் பெயர்களை அடித்துப் பதிவேட்டைச் சரிசெய்தோம். மீதி 81 பேரில் மாதக் கூட்டத்துக்கு வருவது ஒன்பது, பத்துப் பேர்தான். எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். பென்ஷன் அரியர், கேன்டீன் கோட்டா, இதைத் தவிரப் பேச்சு இல்லை. கூட்டம் முடிந்ததும் அங்கேயே பாட்டில் திறப்பார்கள். சங்கம் நடப்பது ஒரு பழைய செட்டியார் வீட்டு முகப்பில். வீட்டுக்காரர் சென்னையில் இருக்கிறார், வாடகை வாங்குவதில்லை. சொந்தக் கட்டடம் இருந்தால் ஆள் வரும், நிதி திரட்டு என்கிறார் தலைவர். அவர் சுபேதார் மேஜராக இருந்தவர், வயது 76. என் வயதுக்காரர்களோ, ‘அங்கேயும் போய், மேலதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி சாப், சாப் என்று நிற்க வேண்டுமா’ என்று விலகிக்கொள்கிறார்கள். கட்டடம் கட்டலாமா? ஆட்களை எப்படி வரவைப்பது? ‘24 வருஷம் கொடுத்தது போதாதா, இன்னும் எதற்கு இது’ என்று என் மனைவி கேட்கிறார். அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சிவகங்கை மாவட்டம்)

பதில்:

தம்பி, வணக்கம்.

நீங்கள் அக்கா என்று எழுதியதால் மட்டும் தம்பி என்று சொல்லவில்லை. உங்கள் குரூப்பான மதராஸ் சாப்பர்களை ராணுவம் முழுக்க ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள் என்று என் அப்பா பெருமையாகச் சொல்வார். அவரும் உங்கள் குரூப்தான். பெங்களூரில் பயிற்சி முடித்து, நாயக்காக ஓய்வுபெற்று, தேவகோட்டைப் பக்கம் வந்து விவசாயம் பார்த்தவர். நான் மனநல சமூகப் பணியாளராக இருபத்தாறு வருடம் வேலை பார்த்ததில் மிலிட்டரிக்காரர் வீடுகளுக்குத்தான் அதிகம் போயிருக்கிறேன். அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

கட்டடம், ஆள், மனைவி என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நான்காவதாக ஒன்று கண்ணில் பட்டது. அதை நீங்கள் கேள்வியாகக் கேட்கவில்லை, போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இறந்துபோன 31 பேரின் பெயரை அடித்துப் பதிவேட்டைச் சரிசெய்தோம் என்கிறீர்களே, அந்த இடம்தான். உங்கள் சங்கத்தின் வேலை அந்த 31 வீடுகளில் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்தில் நகரத்தார் ‘புள்ளி’ என்று ஒரு கணக்கு வைத்திருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கல்யாணமாகிக் குடும்பமாக ஆனால்தான் கோயில் கணக்கில் ஒரு புள்ளி. ஆள் தனியாகக் கணக்கில் வருவதில்லை, குடும்பம்தான் வருகிறது. உங்கள் பதிவேட்டில் இருப்பது ஆள் கணக்கு. ஆள் போனதும் பெயரை அடித்துவிட்டீர்கள். அந்த வீட்டு அம்மாவுக்கு அன்றோடு சங்கம் இல்லை என்று ஆகிவிட்டது. உங்கள் பதிவேட்டை இன்றே குடும்பக் கணக்காக மாற்றி எழுதுங்கள். 112 புள்ளி. கணவர் இறந்தாலும் புள்ளி குறையாது, அந்த அம்மாவின் பெயரில் அது தொடரும். மாதக் கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தாலும் பரவாயில்லை, அந்த ஒன்பது பேரும் 112 வீட்டுக்குப் பொறுப்பானவர்கள் என்று முதலில் முடிவுசெய்யுங்கள்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. அப்பா 1994-ல் இறந்தார். ராணுவப் பதிவில் அம்மா பெயர் ‘அழகு’. ரேஷன் கார்டிலும் வங்கியிலும் ‘அழகம்மை’. இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒப்புக்கொள்ள வைக்கப் பதினான்கு மாதம் ஆனது. ஒரு அலுவலகத்துக்கு ஏழு தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் வேறொரு தாள் கேட்டார்கள். அம்மா நகையை வைத்துத்தான் அந்த வருடம் என் தம்பியைப் படிக்க வைத்தார். கடைசியில் வழி காட்டியவர் புதுவயலில் இருந்த ஒரு பழைய நாயக். அப்பாவோடு வேலை பார்த்தவர்கூட இல்லை. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, சைக்கிளில் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். ‘டிஸ்சார்ஜ் புக்கை எடுங்க ஆத்தா’ என்றார். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, பெங்களூர் ரெக்கார்ட் ஆபீசுக்கு அவரே கடிதம் எழுதிக் கொடுத்தார். அவர் எந்தச் சங்கத்திலும் பொறுப்பில் இல்லை. ஆனால் சங்கம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் அந்த சைக்கிள்தான் நினைவுக்கு வருகிறது.

சரி, வேலைக்கு வருவோம். அந்த 31 வீட்டுக்கும் போக வேண்டும். போனால் என்ன பார்ப்பது? நான்கு தாளை ஒன்றாக வைத்துப் பாருங்கள்: டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணையான பி.பி.ஓ., ஆதார், வங்கிப் புத்தகம். நான்கிலும் அந்த அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கிறதா? எழுத்துக்கு எழுத்து பாருங்கள். ‘மீனாள்’, ‘மீனாட்சி’ என்று வீட்டில் ஒரு பெயர், தாளில் ஒரு பெயர் இருப்பது நம் பக்கத்தில் மிகச் சாதாரணம். பிறந்த வருடம் குத்துமதிப்பாக எழுதப்பட்டிருக்கும். இப்போது ராணுவ பென்ஷன் எல்லாம் ஸ்பர்ஷ் என்ற இணையதளம் வழியாகக் கணினிக்குப் போய்விட்டதால் ஓர் எழுத்து மாறினாலும் அங்கே நின்றுவிடுகிறது. அப்புறம் அந்தக் கணக்கில் யாருடைய கைபேசி எண் இருக்கிறது என்று கேளுங்கள். பாதி வீட்டில் மகன் எண் இருக்கும், மகன் சிங்கப்பூரில் இருப்பார். ரகசிய எண் அங்கே போகும், அம்மா இங்கே உட்கார்ந்திருப்பார்.

உயிரோடு இருப்பதற்கு வருடா வருடம் தர வேண்டிய லைஃப் சர்டிபிகேட் கொடுத்தாகிவிட்டதா என்று பாருங்கள். கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும், கொடுத்ததும் நிலுவையோடு திரும்ப வரும். இது தெரியாமல் ‘நிறுத்திட்டாங்க’ என்று விதியை நொந்துகொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்த ஒரு ஆச்சியை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இப்போது கைபேசியில் முகத்தைக் காட்டியே பதியலாம். தபால்காரரும் வீட்டுக்கே வந்து பதிந்து தருகிறார். நவம்பர் முதல் வாரத்தில் உங்கள் முகப்பில் ஒரு நாள் இதற்கென்று வைத்துவிடுங்கள். தபால்காரரையும் அன்றைக்கு வரச் சொல்லுங்கள். நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கு மறுநாள் நீங்கள் போங்கள்.

குடும்பத்தில் மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் மறக்காமல் கேளுங்கள். தனக்கென்று சம்பாதிக்க முடியாத அந்தப் பிள்ளைக்கு, பெற்றோருக்குப் பிறகும் ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி உண்டு. ஆனால் பிள்ளையின் பெயர் பதிவில் ஏறியிருக்க வேண்டும். இப்படிப் பிள்ளை இருப்பதை வெளியில் சொல்லாமல் வளவுக்குள்ளேயே வைத்து வளர்த்த வீடுகள் நம் பக்கத்தில் உண்டு. அதனால் கூட்டத்தில் அறிவிப்பாகச் சொன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து, காப்பி குடித்து, மெதுவாகக் கேட்டால்தான் வரும்.

குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாவுக்கு முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.-உம் உண்டு. 2003 ஏப்ரல் 1-ல் அந்தத் திட்டம் தொடங்கியது, அதற்கு முன்பே ஓய்வுபெற்றவர்கள் வீட்டில் பலர் கார்டே எடுக்கவில்லை. பென்ஷன் இல்லாமல் பாதியில் வந்துவிட்ட பழைய ஆட்கள் சிலர் இருப்பார்கள், அவர்களை யாருமே கண்டுகொள்வதில்லை. ஹவில்தார் வரை இருந்தவர், 65 வயதைத் தாண்டியவர் என்றால் அவருக்கோ அவர் மனைவிக்கோ மத்திய நல நிதியிலிருந்து மாத உதவி கேட்க முடியும். தொழிற்கல்வி படிக்கிற பிள்ளைகளுக்குப் பிரதமர் உதவித்தொகை இருக்கிறது: பெண் பிள்ளைக்கு மாதம் 3000 ரூபாய், பையனுக்கு 2500. படிப்பில் சேர்ந்த முதல் வருடத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும், 60 சதவீத மதிப்பெண் வேண்டும். முதல் வருடத்தைத் தவறவிட்டுவிட்டு இரண்டாம் வருடத்தில் வந்து அழுத பெற்றோர் எத்தனையோ பேர். சிவகங்கையில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டமும் நடக்கிறது. அந்த அம்மாக்களுக்கு அங்கே தனியாகப் போகத் தெரியாது, தெரிந்தாலும் தயக்கம். நீங்கள் மாதம் ஒரு தடவை நான்கு பேரின் தாளைச் சேர்த்து, கூடவே கூட்டிப்போய் வந்தால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். யாருடைய கடவுச்சொல்லையும் சங்கத்து நோட்டில் எழுதி வைக்க வேண்டாம். செய்து கொடுத்ததற்கு ஒரு ரூபாய்கூட வாங்க வேண்டாம். ‘பென்ஷன் அரியர் வந்திருக்கிறது, நம்பரைச் சொல்லுங்கள்’ என்று போனில் ஏமாற்றுகிறவர்கள் இந்த வயதானவர்களைத்தான் குறிவைக்கிறார்கள். சங்கத்தின் பேரைச் சொல்லியே நாளைக்கு ஒருவன் கேட்பான். ‘நாங்கள் ஒருபோதும் போனில் நம்பர் கேட்க மாட்டோம்’ என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வாருங்கள்.

இதே வேலையை உயிரோடிருக்கும் 81 பேர் வீட்டிலும் செய்ய வேண்டும், இன்னும் அவசரமாக. மனைவியின் பெயரில் பிழை இருந்தால் கணவர் இருக்கும்போதே திருத்தினால் அவருடைய ஒரு கையெழுத்தில் வேலை நகரும். அவர் போன பிறகு அந்த அம்மா ஒவ்வொரு வாசலாக நிற்க வேண்டும். கல்யாணமானதையே ராணுவப் பதிவான பார்ட் டூ ஆர்டரில் ஏற்றாமல் ஓய்வுபெற்று வந்தவர்கள் உண்டு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்தில் பென்ஷன் அரியர் பேச்சு எழுந்தால், அந்தப் பத்துப் பேரிடமும் ‘உங்க வீட்டம்மா பேரு பி.பி.ஓ.-வில் எப்படி இருக்கு’ என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. அடுத்த மாதம் தாளை எடுத்துக்கொண்டு வருவார்கள்.

இனி பாட்டில் விஷயம். இதில் நயமாகச் சொல்ல எனக்கு மனம் இல்லை. சங்கம் நடக்கும் இடத்தில் குடிப்பதை நிறுத்துங்கள். கேன்டீன் கோட்டாவில் மது வாங்குவது அவரவர் உரிமை, அவரவர் வீட்டுக்குப் போகட்டும். முகப்பில் பாட்டில் திறக்கும் வரை எந்தப் பெண்ணும் அந்தப் படியேற மாட்டார். காரியமாக வருகிற அம்மா வாசலிலேயே நின்று, ஆள் விட்டுச் சொல்லி அனுப்பிவிட்டுப் போய்விடுவார். குடியை விட முயல்கிற ஒரு ஆளாவது உங்கள் 81 பேரில் இருப்பார். சங்கத்துக்கு வராமலிருப்பதுதான் தனக்குப் பாதுகாப்பு என்று அவர் ஒதுங்கியிருப்பார். அவருக்கு ஒரு இடம் வேண்டும். உங்கள் வயதுக்காரர்கள் வராததற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம், வெளியில் சொல்லாவிட்டாலும். தீர்மானம் போட்டு, கண்டித்து, சண்டையாக்க வேண்டாம். தலைவரிடம் தனியாகப் போய்ப் பேசுங்கள். ‘சாப், அம்மாக்களையும் பிள்ளைகளையும் வரவைக்கப் போகிறோம், அதனால் இங்கே வேண்டாம்’ என்று சொல்லுங்கள். 76 வயதுக்காரரின் வாயிலிருந்து அது வந்தால் எல்லாரும் கேட்பார்கள்.

அந்தப் பெரியவர்கள் ஏன் குடிக்கிறார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 76 வயது என்றால் 71 போரின்போது பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்த பையனாக இருந்திருப்பார். அறுபதைத் தாண்டியவர்களில் சிலர் 87-லிருந்து 90 வரை அமைதிப்படையில் இலங்கையில் இருந்திருப்பார்கள். தமிழ் பேசும் ஊரில் துப்பாக்கியோடு நின்ற தமிழர்கள். ஊருக்குத் திரும்பி வந்ததும் அதைப் பற்றி யாரிடமும் பேச முடியவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பேச்சு வரும்போது எழுந்து போய்விடுகிறவர்களை எனக்குத் தெரியும். சியாச்சினில் இருந்துவிட்டு வந்தவர்களுக்கும், 2016 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் பத்துப் பேர் போனபோது தொலைக்காட்சி முன்னால் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அப்படித்தான். தூக்கத்தில் கத்துவது, பட்டாசுச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது, பேரப்பிள்ளைகளிடம் காரணமில்லாமல் எரிந்துவிழுவது என்று வீட்டார் சொன்னால், ‘அவர் குணமே அப்படி’ என்று விட்டுவிட வேண்டாம். 14416 என்று ஓர் எண் இருக்கிறது, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். அந்த எண்ணை முகப்புத் தூணில் ஒட்டி வையுங்கள். ‘உங்க போர் அனுபவத்தைச் சொல்லுங்க’ என்று மேடையேற்றிக் கேட்பது மட்டும் வேண்டாம். சொல்ல வேண்டும் என்று தோன்றுகிற நாளில் அவர்களே சொல்வார்கள், பக்கத்தில் ஒருவர் இருந்தால்.

‘சாப்’ பிரச்சினைக்கு வருகிறேன். இளையவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, பெரியவர்களுக்கும் அந்தச் சொல்லைத் தவிரக் கையில் எதுவும் மிச்சமில்லை. அதனால் சொல் இருந்துவிட்டுப் போகட்டும், நாற்காலியை மாற்றுங்கள். முன்வரிசை நாற்காலி, பின்வரிசை பெஞ்சு என்பதை எடுத்துவிட்டு முகப்பில் பாய் விரித்துச் சுற்றி உட்காருங்கள். முழங்கால் முடியாதவர்களுக்கு மட்டும் நாற்காலி, சிப்பாயாக இருந்தவரானாலும். பட்டாளத்துச் சாப்பாட்டுக் கூடமான லங்கரில் ஒரே வரிசையில் தட்டு நீட்டியவர்கள்தானே எல்லாரும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் சாதி பார்க்காமல் ஒரே பாயில் உட்கார்கிற இடம் எத்தனை இருக்கிறது? கோயில் மரியாதை, மஞ்சுவிரட்டு, டீக்கடை என்று எல்லாவற்றிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பட்டாளம் அதை ஓரளவு உடைத்துத்தான் உங்களை அனுப்பியிருக்கிறது. ஊருக்கு வந்ததும் பழைய கணக்குக்குள் போய்விடாமல் இருக்க உங்கள் சங்கத்தால் முடியும். ஊரில் எந்தத் தெருவிலிருந்து யாருமே கூட்டத்துக்கு வருவதில்லை என்று பதிவேட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்தத் தெருவுக்கு நீங்களே முதலில் போங்கள்.

நாற்பது வயதுக்காரர்களுக்கு நேரம் இல்லை என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். வங்கி வாசலில் காவல், கம்பெனியில் ஷிப்ட், பிள்ளைகளின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை பகலில் கூட்டம் போட்டால் கல்யாண வீடுகளுக்கு நடுவில் அவர் எப்படி வருவார்? அவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டாம், ஒரு வேலை கொடுங்கள். அதிகாலையில் கண்மாய்க் கரையில் ஓடிக்கொண்டிருக்கும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். ராணுவத்தில் சேர 1.6 கிலோமீட்டர் ஓட்டம், கம்பியில் தொங்கி ஏறும் பீம், ஒன்பது அடிப் பள்ளம் என்று யாரோ யூடியூபில் சொன்னதைக் கேட்டுத் தனியாகத் தயாராகிறார்கள். சிலர் பயிற்சி மையத்துக்குக் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். வாரத்தில் இரண்டு காலை, ஒரு மணி நேரம், உங்களில் இரண்டு பேர் மாற்றி மாற்றி நின்றால் போதும். சொல்லிக் கொடுப்பவருக்கும் தான் மறுபடி ஒரு ஆள் என்று தோன்றும். மகளைக் கூட்டி வந்து விடுகிற அப்பாக்களும் வருவார்கள், பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்த்து அக்னிவீரர்களைப் பற்றியும் இப்போதே யோசித்து வையுங்கள். 2022-ல் அறிவித்த திட்டம், முதல் தொகுதி 2023 தொடக்கத்தில் பயிற்சிக்குப் போனது. நான்கு வருடத்தில் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் 2026 முடிவிலிருந்தும் 2027-லிருந்தும் ஊருக்குத் திரும்புவார்கள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. கையில் சேவா நிதியாக 11 லட்சத்துச் சொச்சம் இருக்கும். பென்ஷன் கிடையாது, கேன்டீன் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. இதைச் சரியென்றோ தவறென்றோ இங்கே நான் பேச வரவில்லை. அந்தப் பையன் உங்கள் படியேறி வந்து ‘நான் சேரலாமா’ என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அரசுத் தாளில் அவன் யாராக இருந்தாலும், உங்கள் பாயில் அவனுக்கு இடம் இருக்க வேண்டும். முதல் ஆறு மாதத்தில் அந்த 11 லட்சத்தைக் கேட்டு எத்தனை பேர் வருவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வண்டி வாங்கு, சீட்டுப் போடு, கூட்டு வியாபாரம் செய் என்பார்கள். பக்கத்தில் இருந்து ‘அவசரப்படாதே’ என்று சொல்ல ஒரு அண்ணன் வேண்டும். எல்லைப் பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எஃப்., இந்தோ திபெத் படையிலிருந்து வந்தவர்களுக்கும் இதே நிலைதான். சட்டப்படி அவர்கள் முன்னாள் படைவீரர் கணக்கில் வருவதில்லை, ஆனால் அதே குளிரில் நின்றவர்கள். உங்கள் சங்கம் 1975-ஆம் வருடத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது என்றால், துணைவிதியில் இணை உறுப்பினர் என்று ஒரு பிரிவைச் சேர்த்துப் பதிவாளரிடம் தாக்கல் செய்துவிடலாம். அந்த அம்மாக்களை முழு உறுப்பினராக்குவதையும், செயற்குழுவில் அவர்களுக்கு இரண்டு இடத்தையும் அதே திருத்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

விழாக்கள் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. டிசம்பர் 7 கொடிநாளில் சட்டையில் கொடி குத்திப் படம் எடுத்துக்கொள்வதோடு நிறுத்தாமல், அன்றைக்கு உங்கள் பையன்களை அனுப்பி வசூல் செய்து ரசீதோடு கட்டுங்கள். 1949-லிருந்து நடக்கிற நாள் அது, அந்தப் பணம் திரும்ப உங்கள் வீடுகளுக்குத்தான் வருகிறது. ஒரு நாளை மட்டும் உங்கள் நாளாக வைத்துக்கொள்ளுங்கள் என்றால் நான் ஜனவரி 14-ஐச் சொல்வேன். ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1953-ல் அன்றைக்குத்தான் ஓய்வுபெற்றார், அதனால் அது முன்னாள் படைவீரர் நாள். அதே 1953 ஜனவரி 14-ல்தான் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி திறக்கப்பட்டது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து உருவான இடம். இரண்டு தேதியும் ஒன்றாக அமைந்திருப்பதைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன். போகியோ பொங்கலோ அன்றைக்கு வந்துவிடும். சென்னை, கோயம்புத்தூர் என்று போனவர்கள் எல்லாரும் ஊரில் இருப்பார்கள். முகப்பு வாசலில் ஒரு பானை பொங்கல், 112 புள்ளிக்கும் அழைப்பு. பணியாரத்தை அந்த அம்மாக்களிடம் விட்டுவிடுங்கள், ஆனால் பாத்திரம் கழுவுவது ஆண்கள். லங்கரில் தட்டைக் கழுவி வைத்துப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. அன்றைக்கு ஒரே ஒரு நிகழ்ச்சி போதும்: இறந்தவர்களின் பெயரை வாசிப்பது. பெயர், படைப்பிரிவு, ஊர். அந்த 31 பெயரும் அதில் வரட்டும். ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டிலிருந்து ஒருவர் வந்து விளக்கில் எண்ணெய் விடட்டும். திருவாடானை பக்கம் கடுக்கலூரில் பிறந்து, 2020 ஜூனில் லடாக்கின் கல்வானில் உயிரைக் கொடுத்து, வீர் சக்ரா பெற்ற ஹவில்தார் பழனியின் பெயரை நாடே அறியும். உங்கள் பதிவேட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதுமையிலும் நோயிலும் போனவர்களாக இருப்பார்கள். அவர்கள் பெயரை ஊர் கேட்க வேறு நாள் கிடையாது.

கட்டடம் இப்போது வேண்டாம், தம்பி. நிதி திரட்டத் தொடங்கினால் அடுத்த மூன்று வருடம் மனை யார் பேரில், ஒப்பந்தம் யாருக்கு, கல்வெட்டில் யார் பெயர் என்பதுதான் கூட்டத்தின் பேச்சாக இருக்கும். இருக்கிற பத்துப் பேரும் இரண்டு கட்சி ஆகிவிடுவார்கள். கட்டடம் கட்டிப் பூட்டி வைத்திருக்கும் சங்கங்களை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு ஒரு முகப்பு இருக்கிறது, தூண் இருக்கிறது, திண்ணை இருக்கிறது, அதைவிட நல்ல இடம் எந்தக் கட்டடத்தில் கிடைக்கும்? வீட்டுக்காரரிடம் வாய்வார்த்தையாக இருப்பதை ஒரு கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள். மின்கட்டணம் யார், பழுது யார் என்று அதில் இருக்கட்டும். பதிலுக்கு அந்த வீட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஆளில்லாமல் ஓடு சரிந்து, மழைத்தண்ணீர் இறங்கி இடிந்துபோகிற வீடுகள் நம் பக்கத்தில் எத்தனை! பாலம் கட்டியவர்களும் வயரிங் தெரிந்தவர்களும் உங்களிடம் இருக்கிறார்கள். மழைக்கு முன் ஓட்டைப் பிரித்து மாற்றி, வாரியைச் சுத்தம் செய்து, படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். பின்பக்கக் கழிப்பறையைச் சீராக்கி, உள்தாழ்ப்பாள் போட்டுவிடுங்கள். பெண்கள் வருவதற்கு அது முக்கியம். வரவுசெலவை மாதா மாதம் தூணில் ஒட்டுங்கள். தலைவர் வருத்தப்பட்டால், அவருக்கு ஒரு வருடம் தவணை சொல்லுங்கள். ஜனவரி 14-க்கு எத்தனை புள்ளி வருகிறது என்று அவரே எண்ணிப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

உங்கள் மனைவி கேட்டதற்குப் பதில் நான் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல வேண்டாம். முதல் வீட்டுக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாக இருக்கிற ஒரு அம்மாவின் வீட்டுக்குள் நீங்கள் ஒருவராகப் போய் உட்காருவது அவருக்கும் சங்கடம், அக்கம்பக்கத்துப் பேச்சுக்கும் இடம். உங்கள் மனைவி கூட இருந்தால் கதவு முழுதாகத் திறக்கும். 24 வருடம் அவரும்தானே காத்திருந்தார். கடிதத்துக்கும் போனுக்கும் காத்திருந்து, தனியாகப் பிள்ளைகளை வளர்த்து, பிரசவத்துக்கும் சாவுக்கும் தனியாகவே போய் நின்று. அந்த அம்மா அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் உங்களுக்குப் பாதி புரியாது, உங்கள் மனைவிக்கு முழுதாகப் புரியும். விளக்கு வைக்கிற நேரம் வேண்டாம், காலை பத்து மணிக்குப் போங்கள். நோட்டில் பென்சிலால் எழுதுங்கள், பெயரைத் திருத்த வேண்டியிருக்கும். அடித்த 31 பெயரில் வயதில் மூத்த அம்மா யாரோ, அவர் வீட்டிலிருந்து தொடங்குங்கள். தை பிறந்ததும் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், தம்பி.